பிரசவ வேளையில் தாய்க்கு நடமாட இடம் வேண்டும்

(பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கான பயிற்சி முகாம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



காலை முதல் இம்முகாமில் குடிநீரைப் பற்றியும், சாலைகளைப் பற்றியும், வரி வசூலைப் பற்றியும் பலர் பேசக் கேட்டீர்கள். இப்பொழுது பிரசவத்தைப் பற்றி நாங்கள் பேசப்போகிறோம் என்று தலைவர் அறிவித்தவுடனே, பின்வரிசையில் ஆண்மக்கள் சிலர் துண்டை உதறித் தோளில் இட்டுக்கொண்டு எழுந்திருக்க முற்பட்டதைக் கண்டோம். அன்பு கூர்ந்து அமரும்படி வேண்டுகிறோம். பெண்கள் மட்டுமே கேட்டுக்கொள்ள வேண்டிய விஷயமாக இது இருந்திருந்தால் மாதர் கூட்டத்தில் பேசியிருப்போம். பஞ்சாயத்து முகாமுக்கு வந்திருக்க மாட்டோம். ஆரம்ப சுகாதார நிலையங்களின் பிரசவ அறைகளிலே பல ஆண்டுகள் இரவும் பகலும் பணியாற்றிய செவிலியரும் மருத்துவரும் அடங்கிய ஒரு சிறு குழுவின் சார்பாகப் பேசுகிறோம்.

உங்களில் மாடு வைத்திராதவர் அரியர். சினைப்பசு கன்று ஈனும் வேளையில் என்ன செய்கிறது என்பதை நாங்கள் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. அது ஓரிடத்தில் நிற்பதில்லை. எழுகிறது, படுக்கிறது, சுற்றி வருகிறது, திரும்பித் தன் வயிற்றைப் பார்க்கிறது, மறுபடியும் படுத்து மறுபடியும் எழுகிறது. அனுபவமுள்ள விவசாயி அந்த நேரத்தில் பசுவைக் கட்டுத்தறியில் குறுக்கக் கட்டமாட்டார். கயிற்றைத் தளர்த்தி நீள விடுவார். காலடியில் வைக்கோலைப் பரப்புவார். சற்று விலகி நின்று கண்ணும் கருத்துமாய்ப் பார்த்துக்கொண்டிருப்பார். வாயில்லா ஜீவனுக்குக் காட்டும் இந்த அனுதாபத்தை நம் வீட்டுப் பெண்ணுக்குக் காட்டப் பல இடங்களிலே தவறிவிட்டோம். தாய்மார்கள் இந்த உவமையைப் பிழையாகக் கொள்ளலாகாது. குற்றம் கயிற்றைப் பிடித்திருக்கும் எங்களைச் சேர்ந்தது.

வலி கண்ட பெண் ஆஸ்பத்திரிக்குள் வந்தவுடனே இரும்பு மேஜைமேல் ஏறி மல்லாந்து படுக்கவேண்டும், பிள்ளை பிறக்கும் வரையில் இறங்கலாகாது என்பதே நெடுங்காலமாக வழக்கமாயிருந்தது. இன்றும் பல இடங்களில் அவ்வாறே நடைபெறுகிறது. அபாயக்குறி எதுவும் இல்லாத தாய் அப்படிப் படுத்தே கிடக்கவேண்டிய அவசியம் இல்லை. அவள் நடக்கலாம், உட்காரலாம், எதன்மீதேனும் சாயலாம், மண்டியிடலாம், களைத்தபோது ஒருக்களித்துப் படுக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட பிரசவகாலப் பராமரிப்பு வழிகாட்டுதல்களில் இதையே பரிந்துரைத்திருக்கிறது. நாங்கள் சொல்ல வந்த விஷயமும் இதுதான். மற்றவை யாவும் இதற்குக் காரணமும் விளக்கமுமேயாகும்.

உடல் செய்யும் வேலை

கருப்பை என்பது தசையாலான ஒரு பை. இடுப்பு வலி என்று நாம் சொல்வது அந்தத் தசை இறுகித் தளரும் வேலையேயாகும். ஒவ்வொரு முறை இறுகும்போதும் கருப்பையின் வாய் சிறுகச் சிறுகத் திறக்கிறது. முழுவதும் திறந்தால் அதன் அகலம் 10 சென்டிமீட்டர். 5 சென்டிமீட்டர் திறந்த பிறகே வேலை முழு வேகம் பெறுகிறது என்று இக்காலத்தில் கொள்கிறார்கள். அது முதல் முழுவதும் திறக்கும் வரையில் முதற்பிரசவத்தில் 12 மணி நேரம் வரையிலும், அடுத்த பிரசவங்களில் 10 மணி நேரம் வரையிலும் ஆகலாம். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தே ஆகவேண்டும் என்று நாங்கள் படித்த காலத்தில் எங்களுக்குக் கற்பித்தார்கள். எல்லாத் தாய்மாருக்கும் அக்கணக்குப் பொருந்தாது என்று 2018இல் அதனைக் கைவிட்டார்கள். ஒரே வயலில் ஒரே நாளில் நட்ட பயிரும் ஒரே நாளில் கதிர் வாங்குவதில்லை என்பதை அறிந்த உங்களுக்கு இது வியப்பாக இராது.

இவ்வளவு நீண்ட நேரத்தில் பிள்ளையும் சும்மா இருப்பதில்லை. அதன் தலை தாயின் இடுப்பெலும்புக் கூட்டின் வழியே நேரே இறங்கி வந்துவிடுவதில்லை. நுழையும்போது பக்கவாட்டில் பார்த்திருக்கும் முகம், இறங்க இறங்கத் திரும்பி, வெளிவரும்போது பெரும்பாலும் தாயின் முதுகுப்புறத்தை நோக்கியிருக்கும். குறுகிய வாசற்படி வழியே பெரிய கட்டிலை எடுத்து வருவோர் அதைச் சாய்த்தும் திருப்பியும் கொண்டுவருவது போன்றது இது. வாசற்படி மரச்சட்டம், அசைந்து கொடாது. தாயின் இடுப்போ பல எலும்புகள் மூட்டுக்களால் இணைந்தது. கர்ப்ப காலத்தில் அந்த இணைப்புக்கள் தளர்ந்து சிறிது இளக்கம் கொடுக்கின்றன. அவள் நடக்கும்போதும், இடுப்பை அசைக்கும்போதும், முன்னே குனியும்போதும் வழி சற்றே மாறிப் பிள்ளை திரும்புவதற்கு இடம் தருகிறது. மல்லாந்து படுத்தாலோ உடலின் பாரம் முழுவதும் அடிமுதுகின் மேல் அழுந்தி, பின்னோக்கி நகரவேண்டிய வால் எலும்பு நகர வகையில்லாமற் போகிறது. கீழ்நோக்கி இழுக்கும் பூமியின் ஈர்ப்பும் அப்போது உதவிக்கு வருவதில்லை.

இன்னொரு கெடுதலும் உண்டு. கால்களிலிருந்தும் வயிற்றிலிருந்தும் இருதயத்துக்கு ரத்தத்தைக் கொண்டுசெல்லும் பெரிய ரத்தக்குழாய் முதுகெலும்பை ஒட்டி ஓடுகிறது. நிறைமாதக் கருப்பை அதன்மேல் அழுந்துவது, வாய்க்காலின் குறுக்கே பாறையைத் தள்ளியதற்கு ஒப்பாகும். தலைமடையில் நீர் இருந்தும் கடைமடைக்குப் பாயாது. தாய்க்குத் தலை சுற்றும், வியர்க்கும், கருப்பைக்குச் செல்லும் ரத்தம் குறைவதனால் குழந்தையின் இருதயத் துடிப்பும் சில வேளைகளில் தாழ்ந்துவிடும். உடனே அவளை இடப்புறமாகத் திருப்பினால், பல சமயங்களில் துடிப்பு நேராகிவிடுகிறது. கர்ப்பிணிகளை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்குமாறு கிராம சுகாதாரச் செவிலியர் ஓயாமல் சொல்வதன் காரணம் இதுதான்.

வெறும் அனுமானத்தைக் கொண்டு நாங்கள் பேசவில்லை. பல நாடுகளில் நடந்த 25 ஆய்வுகளை, 5,000க்கு மேற்பட்ட தாய்மாரைப் பற்றியவை அவை, ஒருங்கே தொகுத்து 2013ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியாயிற்று. வலியின் முதற்கட்டத்தில் நடந்தும் நிமிர்ந்தும் இருந்த தாய்மாருக்கு, படுத்திருந்தவர்களைக் காட்டிலும் அக்கட்டம் சராசரியாக 1 மணி 20 நிமிடம் அளவு குறைந்தது என்று அதில் கண்டார்கள். அறுவை செய்யவேண்டிய தேவையும் குறைந்திருந்தது. குழந்தைகளுக்குக் கெடுதல் எதுவும் காணப்படவில்லை. மருந்தில்லை, ஊசியில்லை, காசும் இல்லை. அவளை எழுந்து நடக்கவிட்டதே செய்த வைத்தியம்.

படுக்க வைத்தது யார்?

நம் நாட்டுக் கோயில்கள் சிலவற்றின் தூண்களிலும் சுவர்களிலும், இருபுறமும் இரு பெண்கள் தாங்கிப் பிடிக்க, நின்ற நிலையிலேயே பிள்ளை பெறும் தாயின் உருவத்தைச் சிற்பிகள் செதுக்கியிருக்கிறார்கள். குந்தியும், மண்டியிட்டும், தூணைப் பிடித்துக்கொண்டும் பெறும் வழக்கம் உலகில் பல சமுதாயங்களிலே இருந்ததாகும். மல்லாந்து படுப்பது பின்னால் வந்த பழக்கம். பிரான்சு தேசத்தில் மோரிசோ என்னும் வைத்தியர் 1668இல் எழுதிய நூலில், பிரசவ நாற்காலியை விட்டுக் கட்டிலில் சாய்ந்து படுப்பதைப் பரிந்துரைத்தார். கருவிகளைக் கையாளும் வைத்தியருக்கு அது வசதியாயிருந்தமையால் மெல்ல மெல்ல உலகெங்கும் பரவிற்று. அது யாருடைய வசதி என்பதைக் கவனியுங்கள்.

ஆயினும் பழையன யாவும் பொன்னென்று சொல்ல நாங்கள் வரவில்லை. துருப்பிடித்த கத்தியால் தொப்புள் கொடியை அறுத்ததும், பிள்ளை இறங்கவில்லை என்று வயிற்றை அமுக்கியதும், உதிரப் பெருக்கைப் பார்த்துக் கைபிசைந்து நின்றதும் அதே பழைய காலந்தான். எத்தனையோ தாய்மார் அவ்வாறு மாண்டார்கள். தமிழ்நாட்டில் 2019–21ஆம் ஆண்டுகளில் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கின்படி, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் அதிகமான பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடைபெற்றுள்ளன. இது சாமானியமான வெற்றியன்று. அதே கணக்கில், நூற்றுக்கு 45 பிரசவங்கள் வயிற்றை அறுத்துச் செய்தவை என்றும் காண்கிறோம். உயிரைக் காக்கும் அறுவையை நாங்கள் குறைகூறமாட்டோம்; இப்பெருக்கத்துக்குக் காரணங்களும் பல. ஆனால் இயல்பாய்ப் பெறக்கூடிய பெண்ணுக்கு அதற்குரிய சந்தர்ப்பத்தைக் கொடுத்தோமா என்பதே எங்களை உறுத்தும் கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன்பு நடந்த ஒன்றைச் சொல்கிறோம். ஊரின் பெயர் வேண்டாம். நிலையத்தின் பெயரும் வேண்டாம். எங்களுள் ஒருவர் அன்றிரவு அங்கே வேலையிலிருந்தார். முதற்பிரசவத்துக்கு வந்த ஓர் இளம்பெண். கூலிவேலை செய்யும் குடும்பம். மாலையில் வந்தவளை மேஜைமேல் படுக்கவைத்தார்கள். அந்த அறையில் மேஜை போக மீதி இடம் இரண்டு முழம் இருந்திருக்கும். பழைய கட்டிலொன்றும் உடைந்த அலமாரியும் மற்ற இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. தாயார் வெளி வாசலில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலி வரும்போதெல்லாம் அப்பெண் எழுந்து உட்கார முயன்றாள். “படு, அசையாதே” என்று ஒவ்வொரு முறையும் அதட்டினார்கள். நள்ளிரவுக்குப் பின் அவள் முயல்வதை நிறுத்திவிட்டாள். விடியற்காலையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, அங்கே அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். இருவரும் நலமே.

படுத்திருந்ததனாலேயே அறுவை நேர்ந்தது என்று நாங்கள் சொல்லமாட்டோம். அதற்கு வேறு காரணமும் இருந்திருக்கக்கூடும். எங்களை வருத்துவது பின்னால் நடந்த செய்தி. இரண்டு ஆண்டுகள் கழித்து அவளுடைய தங்கைக்குப் பிரசவம் நெருங்கிற்று. “அக்காளைக் கட்டிப்போட்டது போல் என்னையும் போடுவார்கள்” என்று சொல்லி, வலி கண்டதையே மறைத்து, வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பெற்றாள். பிள்ளை பிறந்தது, நஞ்சுக்கொடி விழவில்லை, உதிரம் நிற்கவில்லை. 108 வண்டி வந்து சேர்ந்தபோது அவள் பேச்சற்றுக் கிடந்தாள். பிழைத்துக்கொண்டாள் என்பது எங்கள் பாக்கியம். ஓர் இரவில் ஓர் அறையில் பேசிய கடுஞ்சொல் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு வேறொரு வீட்டில் வேலை செய்தது. “படு, அசையாதே” என்று சொன்னவர்களில் எங்கள் குழுவைச் சேர்ந்தவரும் ஒருவர்.

வலியின்போது என்னென்ன செய்யலாம்?

இப்பகுதியைத் தாய்மார்கள் மாத்திரமன்றி, மருமகளுக்கோ மகளுக்கோ துணை போகக்கூடிய மாமியார்களும் தாயார்களும், ஏன், கணவர்களும் கவனமாகக் கேட்கவேண்டும்.

வலி தொடங்கிய ஆரம்பத்தில், இரண்டு வலிகளுக்கு நடுவில் நீண்ட இடைவெளி இருக்கும். அப்போது வீட்டிலேயே மெதுவாக நடக்கலாம். சில்லறை வேலைகளைச் செய்துகொண்டிருக்கலாம். தூக்கம் வந்தால் தூங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம். பின்னால் தேவைப்படும் வலிமையை அப்போதே செலவழித்துவிடலாகாது. நடந்தால் நல்லது என்றோம் என்பதற்காகத் தெருவில் நூறு முறை நடக்கவைத்துப் பெண்ணைச் சோரவைத்த மாமியாரையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். நடை அவளுடைய இஷ்டம், தண்டனையன்று. வலி 5 நிமிடத்துக்கு ஒன்றாக ஒழுங்காக வரத் தொடங்கினாலும், பனிக்குடம் உடைந்தாலும், உதிரம் பட்டாலும் உடனே புறப்பட்டுவிட வேண்டும். மலையூர்களிலும் வண்டி எளிதில் வந்து சேராத இடங்களிலும் வலிக்குக் காத்திராமல் முன்னதாகவே சென்று தங்கிவிடுவது நலம்.

நிலையத்தை அடைந்தபின், செவிலியர் பரிசோதித்து, அபாயம் எதுவும் இல்லையென்று சொல்லிவிட்டால், தாழ்வாரத்திலோ அறையிலோ நடந்துகொண்டிருக்கலாம். வலி வரும்போது நடையை நிறுத்தி, சுவரிலோ ஜன்னல் திண்டிலோ இரண்டு முன்கைகளையும் ஊன்றி முன்னே சாய்ந்து நிற்கட்டும். உடன் நிற்பவரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாற்போல் சாய்வதும் பலருக்குச் சுகமாயிருக்கிறது. தாங்குகிறவர் மட்டும் கால்களை அகற்றி உறுதியாக நிற்கவேண்டும். இடுப்பை இப்படியும் அப்படியும் மெல்ல ஆட்டுவது, ஆட்டுக்கல்லில் மாவரைக்கும்போது உடல் அசைவதுபோல் அசைவது, இவையெல்லாம் நல்லவையே. யாரும் கற்றுத்தராமலே பெண்ணுடல் தானாகத் தேடிக்கொள்ளும் அசைவுகள் இவை.

நிற்கக் களைத்தால் உட்காரலாம். நாற்காலியில் வழக்கமாய் உட்காருவதைவிட, அதன் முதுகைப் பார்த்தபடி திரும்பி, இரண்டு பக்கமும் காலைப் போட்டு அமர்ந்து, நாற்காலி முதுகின்மேல் தலையணையை வைத்து அதில் முகத்தைச் சாய்த்துக்கொள்வது மிகச் சிறந்தது. முதுகு வெறுமையாய் இருப்பதால் துணையாள் பின்னாலிருந்து அடிமுதுகைத் தேய்த்துவிட முடியும். கைப்பிடியுள்ள நாற்காலி இதற்கு உதவாது. நாற்காலி சறுக்காமல் சுவரோடு அணைத்து வைக்கவேண்டும்.

சில தாய்மாருக்கு வலி வயிற்றில் இராமல் முதுகைப் பிளப்பதுபோல் இருக்கும். குழந்தையின் முதுகு தாயின் முதுகோடு ஒட்டியிருக்கும்போது பெரும்பாலும் இவ்வாறு நேர்கிறது. அவர்களுக்குத் தரையில் பாயை விரித்து அதன்மேல் மெத்தென்ற விரிப்பை இட்டு, மண்டியிட்டுக் கையூன்றித் தவழும் குழந்தையைப்போல் இருப்பது மிகுந்த ஆறுதலளிக்கிறது. கை வலித்தால் தாழ்ந்த கட்டிலின்மேலோ தலையணைகளின்மேலோ மார்பைச் சாய்த்துக்கொள்ளலாம். அந்நிலையில் துணையாள் உள்ளங்கையால் அடிமுதுகை அழுத்திப் பிடிப்பதும், துணியைச் சுடுநீரில் நனைத்துப் பிழிந்து, பொறுக்கும் சூட்டில் ஒற்றுவதும் உதவும்.

படுக்க வேண்டுமென்று தோன்றினால் படுக்கலாம், தடையில்லை. பக்கவாட்டில், குறிப்பாக இடப்புறமாக, முழங்கால்களின் நடுவே ஒரு தலையணையைச் செருகிக்கொண்டு படுக்கவேண்டும். ஒரே நிலையில் நெடுநேரம் இராமல் அரைமணிக்கொரு முறையேனும் மாறிக்கொள்வது நல்லது. இரண்டு மணிக்கொரு முறை சிறுநீர் கழித்துவிட வேண்டும். நிறைந்த சிறுநீர்ப்பை பிள்ளையின் வழியை அடைக்கும். நீர், மோர், இளநீர், கஞ்சி ஆகியவற்றை வேண்டியபோது சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். வெறும் வயிற்றுடன் பன்னிரண்டு மணி நேரம் எவரும் ஏர் பிடிக்க இயலுமோ?

பிள்ளை வெளிவரும் கடைசிக் கட்டத்திலும் மல்லாந்து கிடந்தே தீரவேண்டும் என்பதில்லை. பக்கவாட்டில் படுத்தும், மண்டியிட்டும், முதுகை நிமிர்த்திச் சாய்ந்தமர்ந்தும், இருவர் தாங்கக் குந்தியும் பெறலாம். நிமிர்ந்த நிலையில் கருவி போடுவதும் கத்தரிப்பதும் குறைகின்றன என்று ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் உதிரப்போக்கு சற்று அதிகப்படக்கூடும் என்றும் அவை எச்சரிக்கின்றன. ஆகையினால்தான் எந்த நிலையில் பெற்றாலும், பிள்ளை பிறந்த உடனே கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஊசியைப் போடுகிறோம். அந்த ஊசியும், அதைப் போடத் தெரிந்த கையும் இருக்கும் இடத்தில்தான் பிரசவம் நடைபெறவேண்டும். பிள்ளை பிறப்பதற்கு முன்னே வலியைத் துரிதப்படுத்துவதாகச் சொல்லி வீட்டில் ஊசி போட எவரேனும் வந்தால், அவரை வாசலிலேயே நிறுத்துங்கள். அது கருப்பையைக் கிழித்துவிடவும் கூடும். வயிற்றின் மேற்புறத்தை அமுக்கித் தள்ளுவதையும் எவரும் செய்யலாகாது. நிலையத்திலே செய்தாலும் தவறு தவறேதான்.

நடக்கலாகாதவர்களும் உண்டு. உதிரம் போகிறவர், ரத்த அழுத்தம் மிகுந்து தலைவலியோ கண்மங்கலோ உள்ளவர், பனிக்குட நீர் பச்சையாக வருபவர், நீர் உடைந்தும் பிள்ளையின் தலை இன்னும் இறங்காமலிருப்பவர், பிள்ளை குறுக்காகக் கிடப்பவர் ஆகியோர் மருத்துவர் சொல்லும்படியே இருக்கவேண்டும். தலை இறங்காத நிலையில் நீர் உடைந்தால் தொப்புள் கொடி முன்னே நழுவிவிடும் அபாயமுண்டு. மயக்கம் தரும் மருந்து கொடுக்கப்பட்டவர்களும் தனியே எழுந்து நடக்கக் கூடாது. நடக்கும் தாயையும் செவிலியர் மறந்துவிடுவதில்லை. குழந்தையின் இருதயத் துடிப்பை அரைமணிக்குள் ஒருமுறையேனும் கேட்டாக வேண்டும். அதற்காக அவர் கூப்பிடும்போது நடையை நிறுத்தி வரவேண்டும்.

துணையாள்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் தாயுமானவர் கோயில் இருப்பதை அறிவீர்கள். காவிரியில் வெள்ளம் வந்து, பிரசவத்துக்கு வரவேண்டிய தாய் அக்கரையில் நின்றுவிட, சிவபெருமானே அத்தாயின் வடிவில் வந்து பெண்ணுக்குத் துணையிருந்தார் என்பது தல வரலாறு. மருந்து கொடுக்க வந்ததாக அக்கதை சொல்லவில்லை. தாயாக வந்து பக்கத்தில் இருந்தார் என்றே சொல்கிறது. வலி கண்ட பெண்ணுக்குத் தேவை என்ன என்பதை அக்கதையைச் சொன்னவர்கள் நன்றாக அறிந்திருக்கிறார்கள். நாங்களோ நேரில் வந்து நின்ற தாயாரையே வாசலில் உட்கார வைத்துவிட்டோம்.

பிரசவ அறையில் உடன் ஒருவர் இருப்பதை மத்திய அரசு 2016இல் நாடு முழுவதும் அரசு நிலையங்களில் அனுமதித்தது. நம் மாநிலத்தில் அதற்கு முன்பே தொடங்கப்பட்ட ஏற்பாடு அது. வருபவர் தாமும் பிள்ளை பெற்ற அனுபவமுள்ள பெண்ணாக இருப்பது விரும்பப்படுகிறது. தொற்றுநோய் எதுவும் அவருக்கு இருக்கலாகாது. சுத்தமான உடை அணியவேண்டும். இடையில் வெளியே போய்ப் போய் வரலாகாது. செவிலியரின் வேலையில் குறுக்கிடவும் கூடாது. இடையே திரையிட்டு மறைவு செய்துள்ள இடங்களில் கணவரும் இருக்கலாம். அவர் என்ன செய்யவேண்டும் என்று கேட்பீர்கள். கையைப் பிடித்துக்கொள்ளவேண்டும், முதுகைத் தேய்க்கவேண்டும், நீர் கொடுக்கவேண்டும், “இந்த வலி போய்விடும், மூச்சை விடு” என்று சொல்லவேண்டும். பக்கத்து வீட்டுப் பெண் எத்தனை எளிதாகப் பெற்றாள் என்ற கதையை அங்கே ஆரம்பிக்கக் கூடாது.

பஞ்சாயத்து செய்யக்கூடியது

வைத்திய முறையைப் பஞ்சாயத்து கட்டளையிட இயலாது, இயலவும் கூடாது. ஆனால் நடப்பதற்கு இடம் வேண்டும், சாய்வதற்குச் சுவர் வேண்டும், உட்காருவதற்கு நாற்காலி வேண்டும் என்பவை வைத்தியமா, கட்டட விஷயமா? ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவ அறையை ஒட்டிய தாழ்வாரம் முழுவதும் பழைய மேஜைகளும் காலாவதியான அட்டைப்பெட்டிகளும் நிறைந்திருந்தன. அவற்றை அப்புறப்படுத்த இரண்டு ஆட்களும் ஒரு டிராக்டரும் அரைநாளும் போதுமானவையாயின. அதன் பின்னர் அங்கே இருபது அடி நீளத்துக்கு நடக்க முடிந்தது. சுவரில் இடுப்புயரத்தில் ஒரு குழாய்க் கம்பியைப் பதித்தார்கள். கைப்பிடியில்லாத நாற்காலிகள் இரண்டு, கோரைப்பாய், துடைத்துக் கழுவக்கூடிய ரெக்ஸின் உறையிட்ட மெத்தை ஒன்று, தலையணைகள், திரைத்துணி ஆகியவை வாங்கப்பட்டன. சறுக்காத தரையும், இரவில் எரியும் விளக்கும், தாழ்ப்பாள் விழும் கழிப்பறையும், அதில் தண்ணீரும் இல்லாமல் மற்றவற்றால் பயனில்லை. கழிப்பறைக்கு நடப்பதும் பிரசவத்துக்கு நல்ல நடைதான். ஆனால் அந்தக் கழிப்பறைக்குப் போகப் பயந்து நீர் குடிக்காமலே கிடந்த தாய்மார்கள் பலர்.

இதற்குப் பணம் எங்கே என்ற கேள்வி எழும். நிலையத்தில் நோயாளர் நலச் சங்கம் உண்டு. கிராமத்தில் சுகாதாரம், தூய்மை, ஊட்டச்சத்துக்கான குழு உண்டு. பஞ்சாயத்தின் பிரதிநிதியே அதற்குத் தலைமை வகிக்கிறார். தேசிய சுகாதார இயக்கத்தின்கீழ் ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை அக்குழுவுக்கு அளிக்க வகை செய்யப்பட்டுள்ளது. இவ்விரண்டிலும் பேசுவதற்கு ஓர் அங்கத்தினர் முன்வந்தால் போதும். நாற்காலிக்கும் பாய்க்கும் யாரிடம் கேட்பது என்று நாங்களே தயங்கி நின்ற காலம் உண்டு. கேட்டபோது இல்லையென்று சொன்னவர் இலர்.

விவசாயப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். அறுவடையோ நடவோ நடக்கும் நாளில் வீட்டில் பெண்ணுக்கு வலி கண்டால், துணைக்குப் போகவேண்டிய அம்மாள் வயலில் நிற்பதைப் பார்க்கிறோம். ஒன்பதாம் மாதம் பிறந்தவுடனே யார் உடன் போவது, அவருக்குப் பதில் வீட்டில் யார் இருப்பது, வண்டிக்கு யார் போன் செய்வது என்று தீர்மானித்துவிடுங்கள். துணை போகும் அம்மாளை ஒருமுறை செவிலியரிடம் அழைத்துச் சென்று, நாங்கள் இங்கே சொன்ன நிலைகளைச் செய்து பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். வலி வந்த பிறகு கற்பது கடினம்.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் உங்கள் கிராம சபை கூடுகிறது. அடுத்த சபை கூடுவதற்கு முன்பாக உங்கள் பகுதி நிலையத்தின் பிரசவ அறையை, தாய்மார் எவரும் உள்ளே இல்லாத வேளையில், மருத்துவ அலுவலரின் அனுமதியுடன் நான்கு பேர் சென்று பார்த்து வாருங்கள். நால்வரில் இருவரேனும் அங்கே பிள்ளை பெற்ற பெண்களாக இருக்கட்டும். கையில் அளவு நாடா ஒன்றும் கொண்டுபோங்கள். மேஜைக்கும் சுவருக்கும் நடுவில் எத்தனை அடி என்று அளந்து, அந்த எண்ணைச் சபையில் படியுங்கள்.

கேள்வி கேட்க விரும்புவோர் கேட்கலாம். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பாட்டியம்மாள் நெடுநேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார், அவரிடமிருந்தே தொடங்குவோம்.